அண்ணன் நீவிவிட்ட முட்டி

எண்பதுகளின் பின்பாதியில் நடந்தது இது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த வருடங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில், வாசலுக்கு வந்தால் கல்வராயன் மலை முகத்துக்கு நேரே நிற்கும் ஒரு கிராமம் எங்களுடையது. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. படிப்பு சுமார்தான். ஓட வரும். எண்ணூறு மீட்டரில் மாவட்ட அளவில் ஜெயித்திருந்தேன். அடுத்து கடலூரில் ஒரு தேர்வு இருந்தது. அதில் தேறினால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். படிப்பும் சாப்பாடும் சர்க்கார் பார்த்துக்கொள்ளும். பிறகு ரயில்வேயிலோ போலீசிலோ ஒரு வேலை என்று எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சார் சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் அதுவரை மாதச் சம்பளம் வாங்கிய ஆள் கிடையாது.

அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா கரும்பு வெட்டப் போவார். என் ஓட்டத்துக்கு எல்லாமே அண்ணன்தான். விடிவதற்கு முன்னால் எழுப்புவார். அவர் சைக்கிளில் முன்னால் போவார், நான் பின்னாலேயே ஓடுவேன். ஊருக்கு இது பொறுக்கவில்லை. "வயசுக்கு வந்த பொண்ண டவுசர் போட்டு ரோட்டுல ஓட வுட்டுக்கினு போறான் பாரு" என்றார்கள். அண்ணன் சைக்கிளை நிறுத்தாமலே, "ஓடறது என் தங்கச்சி, மூச்சு வாங்கறது உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அண்ணனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முன்னால் வந்து பிறந்தவர் அவர். அப்படிப் பிறந்தவர் காலால் நீவிவிட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. காலையில் வெறும் வயிற்றோடு வருவார்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டவர், கழுத்து திரும்பாதவர், மூட்டை தூக்கி முதுகு போனவர். அண்ணன் விளக்கெண்ணெய் தடவிக் குதிகாலால் மேலிருந்து கீழே மூன்று முறை நீவுவார். கடைசியில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. அவ்வளவுதான். யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார். வாங்கினால் கால்ராசி போய்விடும் என்பார். பலருக்குச் சரியாகவும் ஆனது. எனக்கே பலமுறை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டபோது எடுத்துவிட்டிருக்கிறார், மறுநாள் ஓடியிருக்கிறேன்.

மறியல் அறிவித்தார்கள். எங்கள் தெருவில் ஆம்பளைகள் எல்லாரும் போனார்கள், அண்ணனும் போனார். "உன்ன மாதிரி ஒருத்தி ஓடி வேல வாங்குவா. ஓடத் தெரியாத புள்ளைங்க இன்னா பண்ணும்?" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். வழியை மறிக்க ரோட்டோரத்துப் புளியமரங்களை ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் நின்றது. லாரி நின்றது. கடைகள் மூடின. போலீஸ் ஜீப் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாமல் இரவில் ஆண்கள் கரும்புக் காட்டில் படுத்தார்கள். ஊரே பயந்துகிடந்தபோது எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது. தார் ரோடு முழுக்க எனக்கு. ஹாரன் இல்லை, கேலி செய்கிற கிளீனர்கள் இல்லை. அம்மா தடுக்கத் தடுக்க காலையில் ஓடப் போய்விட்டேன்.

ஒரு வளைவில் பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. அண்ணனும் அவருடைய கூட்டாளிகளும் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர், "இன்னா ஓட்டக்காரி, தாண்டிடுவியா?" என்று சீண்டினார். எனக்கு வாய் மட்டுமில்லை, திமிரும் ஜாஸ்தி. "நவுந்து ஒக்காருங்க" என்றேன். அண்ணன் "வாணாம் பாப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் கிளைப் பக்கமாக எகிறிவிட்டேன். பின்னங்கால் ஒரு கவையில் மாட்டியது. உடம்பு முன்னால் போக, வலது முட்டி மட்டும் மரத்தோடு நின்றுவிட்டது. கீழே விழுந்தபோது எனக்குச் சத்தம்கூட வரவில்லை.

அண்ணன் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தார். முட்டி வீங்கியிருந்தது, ஆனால் மெல்ல ஊன்ற முடிந்தது. டாக்டரிடம் போக பஸ் கிடையாது. பஸ்ஸை நிறுத்தியதே நாங்கள்தானே. கூட இருந்தவர்கள், "சுளுக்குதான்யா. ஊருக்கெல்லாம் எடுக்கற, உன் தங்கச்சிக்கு எடுக்க மாட்டியா?" என்றார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கடலூர் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. "எடுத்து வுடுண்ணா, நாளைக்கு ஓடணும்" என்று நானே சொன்னேன்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் என்னைப் பாயில் படுக்கவைத்தார். எண்ணெய் தடவினார். குதிகாலை வைத்து நீவ ஆரம்பித்ததுமே நான் கத்தினேன். "புடிச்ச சுளுக்கு அப்டித்தான் கத்த வெக்கும். பொறுத்துக்கம்மா" என்றார். அவர் நெற்றியில் வியர்வை நின்றது. மற்றவர்களுக்கு எடுக்கும்போது பேசிக்கொண்டே எடுப்பவர், அன்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் ஓட வேண்டும் என்ற அவசரம் என்னைவிட அவருக்குத்தான் இருந்தது. மூன்றாவது முறை நீவிவிட்டுக் கணுக்காலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். உள்ளே ஏதோ அறுந்தது எனக்குத் தெரிந்தது. சத்தம் அம்மாவுக்கே கேட்டதாம். அண்ணன், "அவ்ளோதான், வுட்டுடுச்சி" என்று சிரிக்கப் பார்த்தார். எழுந்து நின்றேன். கால் எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி பக்கவாட்டில் மடங்கியது.

சாயங்காலத்துக்குள் முட்டி பனங்காய் அளவுக்கு ஆகிவிட்டது. காய்ச்சல் வந்தது. இன்னும் மறியல் முடியவில்லை. போலீஸ் ஊர் ஊராக ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் பெயரும் அவர்களிடம் இருக்கிறது என்று சொன்னார்கள். கரும்புக் காட்டில் ஒளிந்திருந்து இரண்டு நாள் கழித்து வந்தவர், என் காலைப் பார்த்ததும் சைக்கிளை எடுத்தார். சைக்கிள் கேரியரில் என்னை உட்காரவைத்து, காலை ஒரு பலகையோடு சேர்த்து வேட்டித் துணியால் கட்டினார். அம்மா பலகையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். வழியில் குறுக்கே கிடந்த ஒவ்வொரு மரத்திலும் என்னை இறக்கி, சைக்கிளை அந்தப் பக்கம் தூக்கிப் போட்டு, பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு போனார். அதில் சில மரங்கள் அவரே வெட்டியவை. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம்.

டாக்டர் வயதானவர். முட்டியை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். கட்டிலைச் சுற்றி ஒரு பச்சைத் துணித் திரை. அண்ணன் அதற்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். திரைக்குக் கீழே அவருடைய வெறுங்கால்கள் எனக்குத் தெரிந்தன.

"ஏம்மா, விழுந்ததுல இவ்ளோ ஆயிருக்காது. யாரோ புடிச்சி இழுத்திருக்காங்க. கொஞ்சமா கிழிஞ்ச ஜவ்வு முழுசா போயிருக்கு. யாரு இழுத்தது?"

எங்கள் ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். பி.டி. சாரையே எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அந்த நிமிடம் அந்த இரண்டு கால்களைத்தான் பார்த்தேன். இரண்டு நாள் கரும்புச் சோகை கிழித்த கீறல்கள், காய்ந்த சேறு.

"யாரும் தொடல சார். நானே ரெண்டாவது தபா வியுந்தேன்" என்றேன்.

டாக்டர் நம்பவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். திரைக்குக் கீழே இருந்த கால்கள் அசையவில்லை. அண்ணனுக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. மாவுக்கட்டு போட்டு முடித்து வெளியே வந்தபோது அவர் அங்கே இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. எனக்காக வெளியே வந்ததால் மாட்டினார்.

சில வாரங்கள் உள்ளே இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அதற்குள் கடலூர் தேர்வு முடிந்திருந்தது. எனக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த பெண் போய்த் தேறிவிட்டாள். ஜெயிலுக்குப் போய்விட்டு வந்த மனிதரிடம் என் முட்டியைப் பற்றி என்னவென்று பேசுவது? பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை அந்த முட்டியைச் சுற்றித்தான். கட்டுப் பிரித்தபோது வலது தொடை இடது கையளவுக்கு இளைத்திருந்தது. படுத்தபடியே கனம் கட்டிக் காலைத் தூக்கு என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாளே அண்ணன் தன் பழைய பேன்ட்டின் காலை வெட்டி, ஆற்று மணல் நிரப்பி, இரண்டு பக்கமும் தைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கணுக்காலில் கட்டிக்கொண்டு தூக்குவேன். முதலில் ஒரு சாண்கூட ஏறவில்லை. அழுகையும் கெட்ட வார்த்தையுமாகத் தூக்கினேன். மணல் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமானது. நான் தூங்கும்போது அவர்தான் போட்டு வைக்கிறார் என்று அம்மா பிறகு சொன்னார்.

ஓட்டக்காரி ஆக முடியவில்லை. பக்கத்து ஊர்க் கிளை அஞ்சலகத்தில் தபால் கொடுக்கும் வேலை கிடைத்தது. சைக்கிள் வேலை. முதல் வருடம் இடது காலால்தான் மிதித்தேன், வலது கால் பெடலில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. சீட்டை ஏற்றினால் முட்டி குறைவாக மடங்கும் என்று நானே கண்டுபிடித்தேன். மலையடிவாரத்து ஊர்களுக்கு ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் முட்டி உயிரை எடுக்கும். ஏற்றத்தைவிட இறக்கத்துக்குப் பயப்படுகிறவள் அந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான்.

பிறகு ஓடவும் ஆரம்பித்தேன். கல்யாணமாகி, மகள் பிறந்து, முப்பதைத் தாண்டிய பிறகு. தார் ரோடு ஆகாது என்று வாய்க்கால் கரையில் மண்ணில் ஓடினேன். ஓட்டம் என்று நான் சொல்லிக்கொள்வதுதான், பார்ப்பவர்களுக்கு நொண்டல். பழைய காலைக் காப்பாற்றப் போய் நல்ல காலில் குதிகால் வலி வந்தது. அது போனால் இடுப்பு. கோமுகி அணைப் பக்கம் நாய் குறுக்கே வந்து சைக்கிளோடு விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்தது. வலி வந்தால் நிற்பதா, வலியோடு போவதா என்பதுதான் எனக்குத் தினமும் இருக்கும் கேள்வி. கூரான வலி என்றால் நில்லு, மந்தமான வலி என்றால் மெல்லப் போ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பாதி நாள் அந்தக் கணக்கும் தப்பும். திருச்சியில் ஒரு மூத்தோர் தடகளப் போட்டிக்குப் போய்க் கடைசிக்கு முந்தைய ஆளாக வந்தேன். எனக்குப் பின்னால் ஓடிவந்த பாட்டியம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேருந்தில் திரும்பும்போது உளுந்தூர்பேட்டை வரைக்கும் சிரிப்பும் அழுகையுமாக வந்தேன்.

எனக்கு ஒவ்வொரு முறை அடிபட்டபோதும் அண்ணன் வருவார். சோடாக் கடையில் ஐஸ்கட்டி வாங்கி டவலில் சுற்றி வருவார். வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். என் காலை மட்டும் பார்க்க மாட்டார். அந்த மறியலுக்குப் பிறகு யாருக்கும் சுளுக்கு எடுக்கவும் இல்லை. வெறும் வயிற்றோடு வந்தவர்களை, "ராசி போயிடுச்சி, வராது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஜெயிலுக்குப் போய் வந்ததால் கால்ராசி போய்விட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. ஒருமுறை என் மகள் பள்ளியில் கணுக்காலைப் பிசகிக்கொண்டு வந்தாள். ஊர் வழக்கத்தில், யோசிக்காமல், "போய் மாமன் கிட்ட காட்டு" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் கழனிக்குப் போய்விட்டார். அன்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பேசினால் அவருக்கு வலிக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன். அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் அண்ணனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. கள்ளக்குறிச்சியில் சேர்த்திருந்தோம். ஒரு மத்தியானம் அண்ணி சாப்பிடப் போயிருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். முகமெல்லாம் வீங்கி, கண் மட்டும் முழித்துக்கொண்டு படுத்திருந்தவர், திடீரென்று என் முட்டியைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"மழ வர்றா மாதிரி இருந்தா வலிக்கும். மத்தபடி கம்மிதாண்ணா."

"அன்னிக்கு டாக்டர் கேட்டாரே, யாரு இழுத்ததுன்னு. யாரும் தொடலன்னு சொன்ன."

"அத்த இன்னாத்துக்கு இப்ப பேசிக்கினு. வுடுண்ணா" என்றேன்.

"நான் தொட்டேன் இல்ல?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "நீ என் பேர சொல்லுவன்னு நின்னுகினு இருந்தேன். சொன்னா உள்ள வந்து உன் கால புடிச்சி அழுதிருப்பேன். நீ திட்டியிருப்ப. உனக்குத்தான் நல்லா வாய் வருமே. அதோட தீந்திருக்கும். நீ ஒண்ணுமே நடக்கலன்னுட்ட. நடக்காததுக்கு எப்டிம்மா மன்னிப்பு கேக்கறது?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அண்ணன் தங்கை கையைப் பிடித்துக்கொள்வதெல்லாம் வழக்கமில்லை.

"இப்பனாச்சும் திட்டு" என்றார்.

திட்ட நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். என் கடலூரை, என் ரயில்வே வேலையை, திருச்சியில் கடைசிக்கு முந்தி வந்ததை, ஒவ்வொரு இறக்கத்திலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு செத்துப் பிழைத்ததை எல்லாம் சொல்லி, அடப்பாவி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. "போண்ணா" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணி வந்துவிட்டார். அந்த வாரத்திலேயே அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்து பல நாள் நான் வெளியே போகவில்லை. என்னைப் பெரிய மனசுக்காரி என்று நானே நினைத்துக்கொண்டிருந்த வருடங்களை எண்ணிப் பார்த்தேன். நான் சொன்ன பொய் நல்ல பொய்தான். யாரும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்காவது மாவுக்கட்டு கிடைத்தது, மணல் மூட்டை கிடைத்தது, ஐஸ்கட்டி வந்தது. பெயரில்லாத ஒரு அடியை வைத்துக்கொண்டு அவர் எந்த டாக்டரிடம் போவார்?

இப்போதும் விடிகாலையில் வாய்க்கால் கரையில் ஓடுகிறேன். பாதி ஓட்டம், பாதி நடை. வலது முட்டி குத்தும்போது, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, "என் காலை ஒடச்சிட்டியேடா அண்ணா" என்று மலையைப் பார்த்துச் சத்தமாகவே திட்டுகிறேன். ஒரு நிமிடம்கூட ஆவதில்லை, மனசு லேசாகிவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் என் அண்ணன் தன் ஆயுசு முழுக்கக் காத்துக்கொண்டிருந்தார்.